ஈர்ப்பும் விலக்கும்

விண்ணுலகம் நிலையானது என்பது மக்கள் உள்ளத்தில் நெடுங்காலமாக வேரூன்றிய எண்ணமாகும். ஞாயிறும் திங்களும் முறை தவறாது தோன்றுகின்றன. விண்மீன்கள் ஆண்டுதோறும் அவ்வப் பருவத்தில் அவ்வவ்விடத்தே காட்சி தருகின்றன. இவற்றைக் கண்ட மாந்தர், மண்ணில் உள்ளவை மாறும், விண்ணில் உள்ளவை மாறா என்று கருதியதில் வியப்பில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானநூல் வல்லாரும் பெரும்பாலும் இக்கருத்தினராகவே இருந்தனர். இவ்வெண்ணத்தைக் காப்பதற்கென்றே கணக்கில் ஓர் எழுத்துச் சேர்க்கப்பட்டது, பின்னர் நீக்கப்பட்டது, நீக்கப்பட்ட எழுத்து அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் மீண்டு வந்தது. இவ்வரலாறு வானநூல் பயில்வார்க்கு மட்டுமன்றி எந்நூல் பயில்வார்க்கும் பயன்படும் ஒரு நெறியைக் காட்டுகின்றது என்பது என் கருத்து. அந்நெறி யாது என்பதைக் கதையின் போக்கிலே காண்போம்.

ஆங்கில நாட்டு அறிஞர் நியூட்டன் 1687ஆம் ஆண்டில் ஈர்ப்பு விசையின் இலக்கணத்தை வகுத்துரைத்தார். பொருள் ஒவ்வொன்றும் ஏனைப் பொருள் ஒவ்வொன்றையும் தன்பால் இழுக்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. மாங்கனி மண்ணில் வீழ்வதற்கும் திங்கள் நிலத்தைச் சுற்றிவருவதற்கும் காரணம் ஒன்றே என்பது இதனால் விளங்கிற்று. ஆயின், இதிலிருந்தே ஒரு வினாவும் பிறந்தது. விண்மீன்கள் யாவும் ஒன்றையொன்று இழுக்குமாயின், அவை ஏன் ஒரே இடத்தில் வந்து குவியவில்லை? இவ்வினாவை நியூட்டனிடம் எழுப்பியவர் ரிச்சர்டு பெண்ட்லி என்பவர். அவர் கிரேக்கமும் இலத்தீனும் துறைபோகக் கற்ற மொழிநூற் புலவர். கணக்கறிந்த பேராசானை மொழியறிந்த புலவர் ஒருவர் வினாவிக் கலங்க வைத்தார் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நல்ல வினா எத்துறையினின்றும் பிறக்கலாம்.

நியூட்டன் 1692, 1693 ஆகிய ஆண்டுகளில் பெண்ட்லிக்கு மடல்கள் வரைந்தார். விண்மீன்கள் எல்லையற்ற வெளியில் எல்லாப் பக்கமும் ஒப்பப் பரவியிருப்பின், எப்பக்கமும் இழுப்பு ஒத்திருக்கும். அதனால் அவை நின்றவாறே நிற்கலாம் என்பது அவர் கூறிய விடையின் சாரம். ஆனால் அவ்வாறு நிற்றல், கணக்கற்ற ஊசிகளை முனை கீழாக நிறுத்துவதற்கு ஒப்பான அருமையுடையது என்பதையும் அவரே உணர்ந்து எழுதினார். அவ்வூசிகளின் நிலை இருநூறு ஆண்டுகளுக்குமேல் எவராலும் தீர்க்கப்படாமல் நின்றது.

1915ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் ஈர்ப்பைப் பற்றிய புதிய கொள்கையை நிறைவு செய்தார். பொதுச் சார்புக் கொள்கை என்பது அதன் பெயர். பொருளின் நிறை தன்னைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்கின்றது; அவ்வளைவே நமக்கு ஈர்ப்பாகத் தோன்றுகின்றது என்று அவர் காட்டினார். இக்கொள்கையைப் பேரண்டம் முழுமைக்கும் பொருத்திப் பார்க்க அவர் விரும்பினார். பொருத்தியபோது ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று. அவருடைய சமன்பாடுகள் அசையாது நிற்கும் அண்டத்தை ஒப்பவில்லை. மேல்நோக்கி எறிந்த கல்லை எண்ணிப் பாருங்கள். அக்கல் ஏறிக்கொண்டிருக்கும், அன்றேல் இறங்கிக்கொண்டிருக்கும். நடுவானில் அஃது ஓய்ந்து தங்குவதில்லை. அண்டமும் அத்தகையதே என்று சமன்பாடுகள் கூறின.

ஐன்ஸ்டைனோ நிலைத்த அண்டத்தையே நம்பினார். அக்காலத்தில் அளந்தறியப்பட்ட விண்மீன்களின் வேகம் ஒளியின் வேகத்தை நோக்க மிகச் சிறிது; ஆதலின் அந்நம்பிக்கைக்குச் சிறிது சான்றும் இருந்தது. 1917ஆம் ஆண்டில் அவர் தம் சமன்பாட்டில் புதியதோர் உறுப்பைச் சேர்த்தார். அதனை லாம்டா என்னும் கிரேக்க எழுத்தால் குறித்தார். அதனையே இன்று நாம் அண்டவியல் மாறிலி என வழங்குகின்றோம். ஈர்ப்பு பொருள்களை ஒன்றுசேர்க்க முயலும். இம்மாறிலியோ அவற்றை அகற்ற முயலும். தொலைவு மிகுந்தோறும் ஈர்ப்புக் குறையும். இவ்விலக்கோ தொலைவு மிகுந்தோறும் மிகும். ஆதலின் ஞாயிற்றுக் குடும்பத்திற்குள் இதன் வலிமை ஒரு பொருட்டன்று. பேரண்ட அளவில் நோக்கினாலோ ஈர்ப்போடு மல்லிடத்தக்கது. இவ்விரண்டையும் மிகச் சரியாக ஈடுசெய்து ஐன்ஸ்டைன் அண்டத்தை நிறுத்திக் காட்டினார்.

நின்றது அண்டம், ஆயினும் ஊசிமுனையில் நின்றது. சமநிலை என்பது இருவகைப்படும். கிண்ணத்தின் உட்புறத்தில் ஒரு கோலிக்குண்டை இட்டால் அஃது அடியிற் சென்று தங்கும். சிறிது தட்டினாலும் ஆடி அசைந்து பழைய இடத்தையே அடையும். அதே கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் உச்சியில் குண்டை நிறுத்தினால் அதுவும் ஒரு கணம் நிற்கலாம். ஆனால் ஈயொன்று சிறகசைத்தாலும் அஃது உருண்டோடும், மீளாது. ஐன்ஸ்டைனின் அண்டம் கவிழ்த்த கிண்ணத்தின்மேல் வைத்த குண்டே என்பதை ஆர்தர் எடிங்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1930ஆம் ஆண்டில் நிறுவினார். அண்டம் இம்மியளவு விரிந்தால் ஈர்ப்புத் தளரும், விலக்கு ஓங்கும். அதனால் மேலும் விரியும். இம்மியளவு சுருங்கினால் ஈர்ப்பு ஓங்கும். அதனால் மேலும் சுருங்கும். நிலைபேற்றுக்காகக் கொண்டுவந்த உறுப்பு நிலைபேற்றைத் தரவில்லை.

இதனிடையே தொலைநோக்கிகள் வேறொரு செய்தியைச் சேகரித்துக்கொண்டிருந்தன. அமெரிக்க நாட்டில் லோவல் வானாய்வகத்தில் பணியாற்றிய வெஸ்டோ ஸ்லைஃபர் 1912ஆம் ஆண்டு முதலாகச் சுருள் வடிவ ஒளிமுகில்களின் நிறமாலையை ஆராய்ந்தார். அவற்றுட் பல நம்மைவிட்டு மிகுந்த வேகத்தோடு அகல்கின்றன என்பதைக் கண்டார். உருசிய நாட்டு அலெக்சாண்டர் ஃபிரீட்மன் 1922ஆம் ஆண்டில், அண்டம் விரிதலும் சுருங்குதலும் கூடும் என்பதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே வடித்துக் காட்டினார். பெல்சிய நாட்டுத் துறவியும் கணித வல்லாருமாகிய ஜார்ஜ் லெமேத்ர் 1927ஆம் ஆண்டில் கணக்கையும் காட்சியையும் ஒருங்கிணைத்து, அண்டம் விரிகின்றது என்று எழுதினார். 1929ஆம் ஆண்டில் எட்வின் ஹபிள், வில்சன் மலையின் நூறு அங்குலத் தொலைநோக்கியால் கண்டறிந்த தொலைவுகளைக் கொண்டு, தொலைவில் உள்ள விண்மீன் திரள்கள் தொலைவிற்கேற்ற வேகத்தில் அகல்கின்றன என்று நாட்டினார். 1931ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் அம்மாறிலியைக் கைவிட்டார்.

அதனைச் சேர்த்தது தம் வாழ்வின் பெரும்பிழை என ஐன்ஸ்டைன் கூறியதாக ஜார்ஜ் காமாவ் என்னும் அறிஞர் பின்னாளில் எழுதினார். அச்சொல் அவர் வாயினின்று அவ்வாறே வந்ததா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் ஆராய வேண்டுவது வேறு. ஓர் உறுப்பைச் சேர்த்தமைக்கும் அதனை நீக்கியமைக்கும் காட்டப்பெற்ற காரணம் தக்கதா என்பதே நம் வினா.

தமிழில் 'வேண்டும்', 'வேண்டா' என்பன விருப்பத்தையும் தேவையையும் உணர்த்தும் சொற்கள். 'உண்டு', 'இல்லை' என்பன பொருளின் இருப்பையும் இன்மையையும் உணர்த்தும் சொற்கள். முன்னவை நம்மைப் பற்றியன. பின்னவை பொருளைப் பற்றியன. இவ்விரு வகைச் சொற்களையும் மயங்கவிடலாகாது. 1917இல் நிலைத்த அண்டம் 'வேண்டும்' என்ற விருப்பத்தால், அதனை நிறுத்தும் மாறிலியும் 'உண்டு' என்று கொள்ளப்பட்டது. 1931இல் அண்டம் விரிகின்றது என்று தெளிந்தபின் மாறிலி 'வேண்டா' என்றாயிற்று. அதுவே பலர் உள்ளத்தில் 'இல்லை' என்றும் ஆயிற்று. அம்மாறிலியின் அளவு சுழி என்பதை அந்நாளில் எவரும் அளந்து காணவில்லை. தேவை நீங்கிற்று என்பதே அறியப்பட்டது. இருப்பு இல்லை என்பது அறியப்படவில்லை.

எளிமையை விரும்பி ஐன்ஸ்டைன் அதனை நீக்கியது தவறன்று என்பாரும் உளர். வேண்டாத உறுப்புகளைச் சுமந்து திரிதல் அறிவியலுக்கு அழகன்று என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. மறுபுறம், லெமேத்ரும் எடிங்டனும் அம்மாறிலியை விடாது பற்றியிருந்தனர். ஹபிளின் அளவைகளைக் கொண்டு கணக்கிட்ட அண்டத்தின் வயது, நிலவுலகப் பாறைகளின் வயதினும் குறைந்து நின்றது. அம்முரணைத் தீர்க்க லெமேத்ருக்கு இம்மாறிலி வேண்டியிருந்தது. பின்னாளில் அம்முரணுக்குத் தலையாய காரணம் தொலைவுகளைக் குறைத்து அளந்தமையே என்பது விளங்கிற்று. ஆகவே, பற்றியோரும் தேவை கருதியே பற்றினர். விட்டோரும் தேவையின்மை கருதியே விட்டனர். இரு சாராரும் கூரிய மதியினர். அவர்களிடம் குறைந்திருந்தது தக்க அளவை ஒன்றே. அளவை வாராத காலத்தில் 'இப்போது இதற்கு வேலையில்லை' என்று சொல்லி ஓரமாக வைத்தல் அறிவுடைமை. 'இஃது இல்லவே இல்லை' என்று கதவை அடைத்தல் அறிவுடைமையாகாது.

அளவை 1998ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு அடிப்படையான உண்மைகளுள் ஒன்றைக் கண்டவர் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார். எரிந்து ஓய்ந்த விண்மீன்களுள் ஒருவகை வெண்குறுமீன் எனப்படும். ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு வரையில்தான் வெண்குறுமீன் தன் எடையைத் தாங்கி நிற்கும் என்பது சந்திரசேகர் 1930ஆம் ஆண்டில், தம் பத்தொன்பதாம் வயதில், இங்கிலாந்து நோக்கிக் கப்பலிற் செல்லுங்கால் தொடங்கிய ஆய்வின் பயன். 1935ஆம் ஆண்டில் எடிங்டன் இதனை அவையின்முன் மறுத்தார். நிலைத்த அண்டத்தின் குறையை எடுத்துக்காட்டிய அதே எடிங்டன், இயற்கை அவ்வாறு நடவாது என்ற தம் விருப்பத்தை இளைஞரின் கணக்கிற்கு எதிராக நிறுத்தினார். காலம் சந்திரசேகரின் பக்கமே நின்றது. 1983ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

வெண்குறுமீன் ஒன்று துணை விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்று அவ்வெல்லையை நெருங்குமாயின் வெடித்துச் சிதறும் என்பர். அவ்வகை வெடிப்புகளின் ஒளி ஏறத்தாழ ஓரளவினது; சிறு வேறுபாடுகளையும் திருத்திக் கணக்கிடலாம். ஒரே அளவு திரியும் எண்ணெயும் உடைய அகல் விளக்குகளை நெடுந்தெருவில் வரிசையாக வைத்தால், மங்கலாகத் தெரிவது தொலைவில் உள்ளது என்று சொல்லிவிடலாம் அன்றோ? அவ்வாறே அவ்வெடிப்புகளைக் கொண்டு அண்டத்தின் தொலைவை அளக்கலாம். சால் பெர்ல்மட்டர் தலைமையில் ஒரு குழுவும், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோர் அடங்கிய மற்றொரு குழுவும் இப்பணியில் ஈடுபட்டன. ஈர்ப்பினால் அண்ட விரிவு எவ்வளவு தளர்ந்து வருகின்றது என்று காண்பதே அவர்கள் நோக்கம். கண்டதோ அதற்கு மாறானது. தொலைவெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. விரிவு தளரவில்லை, விரைந்து வருகின்றது. ஈர்ப்பை மீறி அகற்றும் ஏதோ ஒன்று உண்டு. இரு குழுவினரும் தனித்தனியே ஒரே முடிவை எய்தினர். 2011ஆம் ஆண்டில் அம்மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. நீக்கப்பட்ட மாறிலி, விருப்பத்தின் கைப்பிடித்தன்றி அளவையின் கைப்பிடித்து மீண்டும் அவையேறிற்று.

ஈர்ப்பும் விலக்கும் இன்று எவ்வாறு நிற்கின்றன என்பதையும் அறிதல் வேண்டும். மோரில் நீரைப் பெருக்கினால் மோர் நீர்த்துப்போகும். அதுபோல அண்டம் விரிய விரியப் பொருள் செறிவு குன்றும். ஒரு கனசதுரத்தின் பக்கம் இருமடங்கானால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும். அதனுள் உள்ள பொருளின் செறிவு எட்டில் ஒரு பங்காகும். மாறிலியின் ஆற்றலோ, வெளி எத்துணை விரியினும் செறிவு குன்றாது. ஆதலின் அண்டத்தின் இளமையில் ஈர்ப்பின் கை ஓங்கியிருந்தது. விண்மீன்களும் அவற்றின் திரள்களும் உருப்பெற்றன. ஏறத்தாழ 600 கோடி ஆண்டுகளுக்கு முன் விலக்கின் கை ஓங்கத் தொடங்கிற்று. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு. நிலவுலகின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. எனவே, அண்டத்தில் இவ்விரு விசையும் ஒத்து நின்ற பொழுது நம் நிலவுலகம் பிறக்குமுன்னரே கடந்துவிட்டது. 'அண்டம் சமநிலையில் நிற்கின்றது' என்று மேடையில் முழங்குவார் இதனை ஓர்தல் நன்று.

விலக்கு வென்றது என்றதும் நம் வீடும் ஊரும் விரிந்து சிதறும் என்று அஞ்சற்க. பொருள் செறிந்துள்ள இடங்களில் ஈர்ப்பே இன்றும் ஆட்சி செய்கின்றது. 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஆண்ட்ரோமீடா என்னும் பெருந்திரள் நம்மைவிட்டு அகலவில்லை. நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகின்றது. அகற்றும் ஆற்றலின் செறிவு மிக நுண்ணிது. ஒரு கனமீட்டர் வெளியில் உள்ள அவ்வாற்றல், நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்கும் குறைவே. ஆயினும் வெற்றுவெளி எங்கும் அது பரவியிருத்தலால், அண்டத்தின் மொத்த ஆற்றலில் நூற்றுக்கு 68 பங்கு அதுவே என்று கணக்கிட்டுள்ளனர். நாம் அறிந்த அணுக்களால் ஆகிய பொருள் நூற்றுக்கு ஐந்து பங்கே.

இம்மாறிலியின் இயல்பு இன்னும் தெளிவாகவில்லை. வெற்றுவெளியின் ஆற்றலை அணுநூற் கொள்கைவழி மதிப்பிடின், அம்மதிப்பு அளந்து கண்டதைவிட, ஒன்றன்பின் 120 சுழிகள் இட்ட அளவு மிகுதியாகும். இத்துணைப் பெரிய முரண் பிறிதோர் அறிவியல் துறையில் காண்டல் அரிது. அன்றியும், அரிசோனாவின் கிட் பீக் மலைமேல் உள்ள தொலைநோக்கியொன்றில் பொருத்திய கருவியால் பல இலட்சம் விண்மீன் திரள்களை அளந்தோர், அவ்விலக்கு ஆற்றல் காலப்போக்கில் மாறிவருதல் கூடும் என்னும் ஐயத்தை 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் எழுப்பியுள்ளனர். இது முடிந்த முடிபன்று. மாறிலி என்னும் சொல்லை மாறு, இலி எனப் பிரிப்போம். மாறு என்பது ஈண்டு முதனிலைத் தொழிற்பெயர். மாறுதல் இல்லாதது என்பது பொருள். அதுவும் மாறுவதே என மெய்ப்பிக்கப்படுமாயின், அப்பெயரையே நாம் மாற்ற நேரும். அதற்கும் நாம் ஒருப்பட்டிருத்தல் வேண்டும்.

இனி, நம்மிடையே வழங்கும் ஒரு பழக்கத்தைக் கூறி முடிப்பேன். அறிவியலார் புதியதொன்றைக் கண்டால், 'இஃது எம் முன்னோர் நூலில் அன்றே உளது' என்று உரைப்பார் நம் நாட்டிற் பலர். பழந்தமிழ் நூல்களையே வாழ்நாளெல்லாம் பயின்றும் பயிற்றியும் வந்தவன் என்ற உரிமையோடு சொல்கின்றேன்: இது முன்னோர்க்குப் பெருமை சேர்ப்பதன்று. நம் புலவர் வானை நோக்கி வியந்தனர். கோளும் நாளும் அறிந்தனர். நிலையாமையை ஆழ்ந்து எண்ணினர். அவை அவர்தம் சொந்தச் செல்வம். அவர்கள் அளக்காத அளவையை அவர்கள்மேல் ஏற்றுதல், செல்வர்க்கு இரவல் அணி பூட்டுவது போலாம். அங்கும் நடப்பது, இருத்தல் 'வேண்டும்' என்பதை 'உண்டு' என்று திரித்தலே. 'இவ்வாராய்ச்சியால் வயிறு நிறையுமா?' என்று கேட்டு ஒதுக்குவாரோ, தமக்கு 'வேண்டா' என்பதை உலகிற்கே 'இல்லை' என்று ஆக்குகின்றனர்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் எத்துறை புகினும், ஒன்றை உண்டு என்றோ இல்லை என்றோ எழுதுமுன் சற்று நிறுத்துங்கள். அதனை அளந்து அறிந்தோமா, அன்றி விரும்பியதால் எழுதுகின்றோமா என்று உங்களையே வினாவுங்கள். அளந்து அறியாதவிடத்து, 'இன்னும் அறிந்திலேம்' என எழுதுதல் இழுக்கன்று. அவ்வாறு எழுதிய ஏட்டிலேதான் நாளை வருவோர் தம் கணக்கைத் தொடர முடியும்.